உருவப்படத்துக்கு எந்த 85?

சோனியின் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவில் உருவப்படம் எடுப்போர் ஒப்பிட்டுப் பார்ப்பவற்றில் இரண்டு 85 மி.மீ. லென்ஸ்கள்: 2016இல் வந்த எஃப்/1.4 ஜி மாஸ்டர், 2017இல் வந்த எஃப்/1.8.

முதலாவது 820 கிராம். மற்றது 371 கிராம்தான். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும். அறிமுக விலையிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு இடைவெளி.

அந்தக் கூடுதல் விலைக்குக் கிடைப்பது பின்னணியின் மென்மை. 2 மீட்டர் தூரத்தில் இருப்பவரை எஃப்/1.4இல் எடுத்தால், சுமார் 4.5 செ.மீ. ஆழம் மட்டுமே தெளிவாக விழும்; கண் கூர்மையாக இருக்க, காது மங்கிவிடும். எஃப்/1.8இல் அது சுமார் 6 செ.மீ. ஜி மாஸ்டரின் 11 துளைத்தகடுகள் பின்னணி விளக்குகளை அழகிய வட்டங்களாக்குகின்றன, எஃப்/1.8இல் தகடுகள் 9. துளையை முழுதாகத் திறந்தால், வெயிலில் மின்னும் நகையின் விளிம்பில் எஃப்/1.8 ஊதா, பச்சைக் கசிவையும் காட்டும்.

ஃபோகஸில் நிலைமை தலைகீழ். ஜி மாஸ்டரின் மோட்டார் சத்தம் வீடியோவில் பதிவாகக்கூடும், எஃப்/1.8 விரைவானது, அமைதியானது. உருவப்படமே தொழிலாக இல்லாதவர்களுக்கு எஃப்/1.8 தாராளமாகப் போதும்.