குடுவைச் சுவருக்குள் ஒரு கச்சேரி

சுவரில் ஓட்டை போட்டால் பாட்டு இனிமையாகக் கேட்குமா?

கேட்கும் என்பது ஈரானின் இஸ்பஹான் நகரத்துக் கட்டடக் கலைஞர்களின் கணக்கு. 1598-இல் பாரசீகப் பேரரசர் ஷா அப்பாஸ் தலைநகரை அங்கே மாற்றினார். நகரின் நடுவே மிகப் பெரிய சதுக்கம் ஒன்றை அமைத்தார். அதன் ஓரத்தில் உயர்ந்து நிற்பது அலி காப்பு அரண்மனை.

குறுகலான சுழல் படிகளில் மூச்சு வாங்க ஏறினால், உச்சி மாடியில் இருக்கிறது இசை அறை. சுவரிலும் விதானத்திலும் மெல்லிய சாந்துப் பலகைகள். அவற்றில் குடுவை, கிண்ணம், பூச்சாடி வடிவங்களில் துளைகள், பின்னால் வெற்றிடம். பார்த்தால் வெறும் அலங்காரம்தான். ஆனால் பாட்டொலி அந்தத் துளைகளுக்குள் புகுந்து சிதறுவதால் எதிரொலி அடங்கிவிடும், பாட்டு தெளிவாகக் கேட்கும். நம் வானொலி நிலைய ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்!

மன்னர்களுக்குப் பாட்டு மட்டும் போதவில்லை. அதே அரண்மனையின் தூண் மண்டபத்தில் அமர்ந்து, கீழே சதுக்கத்தில் நடக்கும் போலோ ஆட்டத்தையும் பார்ப்பார்களாம். அந்த ஆட்டத்துக்கான கல் கோல் கம்பங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.