வீட்டு மாடிப்படி அளவுகள்

மாடிப்படி என்பது கட்டடத்தின் ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்கு ஏறி இறங்க உதவும் அமைப்பாகும். ஒரு படியின் செங்குத்து உயரம் ஏற்றம் என்றும், கால் வைக்கும் கிடைப்பகுதி மிதி என்றும் அழைக்கப்படுகின்றன. கட்டுமானத் தொழிலாளர்கள் இவற்றை ரைசர், டிரெட் என்பர்.

அடிப்படை அளவுகள்

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, குடியிருப்புகளில் ஏற்றம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும், மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இவை எல்லை அளவுகளே. முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு 7 அங்குல ஏற்றமும் 11 அங்குல மிதியும் வசதியானவை.

17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோண்டெல், இரண்டு ஏற்றங்களும் ஒரு மிதியும் சேர்ந்து மனிதனின் ஓர் எட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றார். இன்று இந்தக் கூட்டுத்தொகை 60 முதல் 65 செ.மீ. வரை இருக்குமாறு அமைக்கப்படுகிறது. 7+7+11 = 25 அங்குலம், அதாவது 63.5 செ.மீ. என்பதால் மேற்கண்ட அளவு இதற்குப் பொருந்துகிறது.

கணக்கிடும் முறை

கீழ்த்தளத் தரையிலிருந்து மேல்தளத் தரை வரை 10½ அடி, அதாவது 126 அங்குலம் எனக் கொள்வோம். இதை 7ஆல் வகுத்தால் 18 ஏற்றங்கள் கிடைக்கும். நடுவில் இடைமேடை வைத்து இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 9 ஏற்றங்களும் 8 மிதிகளும் வரும். மிதிகளுக்கு 7 அடி 4 அங்குலமும், இடைமேடைக்கு 3 அடி 3 அங்குலமும் சேர்த்து 10 அடி 7 அங்குல நீளம் தேவை. படியின் அகலம் குறைந்தது 3 அடி இருப்பது நல்லது.

படிகளை ‘லாபம், நட்டம்’ என எண்ணி, ஒற்றைப்படையில் முடிக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு விரும்புவோர் 126 அங்குலத்தை 19ஆல் வகுக்கலாம். ஏற்றம் ஏறக்குறைய 6⅝ அங்குலம் ஆகும். எண்ணிக்கைக்காக ஒரு படியை மட்டும் குட்டையாக்கக் கூடாது.

சம உயரத்தின் தேவை

முதல் இரண்டு, மூன்று படிகளிலேயே கால் அவற்றின் உயரத்துக்குப் பழகிவிடுகிறது. பின்னர் ஒரு படி மட்டும் மாறினால் தடுக்கி விழ நேரிடும். தரைக்கும் படிகளுக்கும் வெவ்வேறு கனத்தில் கல்லோ ஓடோ பதிப்பதால், முதல் படியும் கடைசிப் படியும் அடிக்கடி மாறிவிடுகின்றன. எனவே பதிப்பு வேலை முடிந்தபின் அமையும் தரைமட்டத்தைக் கொண்டே உயரத்தை அளக்க வேண்டும்.

மலைப்பகுதி வீடுகள்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலை போன்ற இடங்களில், சரிவான முற்றத்திலிருந்து வெளிப்படி தொடங்கும்போது முதல் படி ஒரு முனையில் உயர்ந்தும் மறுமுனையில் தாழ்ந்தும் அமைந்துவிடும். படியின் அடியில் குறைந்தது 3 அடிக்குச் சமதளமான மேடை அமைத்தால் இக்குறை நீங்கும். சாமை, புளி போன்றவற்றை மொட்டை மாடியில் உலர்த்தச் சுமையுடன் ஏறுபவருக்குக் காலடி தெரியாது. அவருக்குச் சம உயரமே துணை.

திறந்த படிகளில் மழைநீர் தேங்காதவாறு மிதியைச் சற்றே வெளிச்சாய்வாக அமைத்து, வழவழப்பான ஓட்டைத் தவிர்க்க வேண்டும். கைப்பிடி ஏறத்தாழ 3 அடி உயரத்தில், முதல் படி முதல் கடைசிப் படி வரை விடுபடாமல் இருக்க வேண்டும். கம்பிகளின் இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருந்தால் குழந்தையின் தலை நுழையாது. மேலும் கீழும் சுவிட்சு உள்ள ஒரு விளக்கும் தேவை.