நெப்போலியனின் முடி சொன்ன சாட்சி

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வளரும்போதே ரத்தத்தில் ஓடும் பொருள்களின் தடத்தைத் தன்னுள் பதிந்துகொள்கிறது. ஆறு சென்டிமீட்டர் முடி என்றால் ஆறு மாத நாட்குறிப்பு. அந்த நாட்குறிப்பைப் புரட்டியபோதுதான், இறந்து 140 ஆண்டுகள் ஆன நெப்போலியனைப் பற்றி ஒரு கொலைக் கதை பலம் பெற்றது.

1821 மே 5 அன்று, செயின்ட் ஹெலினா தீவில் ஆங்கிலேயரின் காவலில், 51 வயதில் நெப்போலியன் இறந்தார். ஆங்கிலேயர்களே தன்னைக் கொல்வதாக உயிலிலும் எழுதி வைத்திருந்தார். சந்தேக விதையை அவரே ஊன்றிவிட்டுப் போனார் என்று சொல்லலாம். சுவீடனைச் சேர்ந்த பல் மருத்துவர் ஸ்டென் ஃபோர்ஷுஃப்வுட், நெப்போலியனின் பணியாளர் மார்ஷான் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்தார். அதிலிருந்த நோய்க்குறிகள் பாஷாணம் (ஆர்சனிக்) கொடுக்கப்பட்டவரின் குறிகளாக அவருக்குத் தெரிந்தன. நெப்போலியனுடையது என்று போற்றிப் பாதுகாக்கப்பட்ட முடியைத் தேடிப் பெற்று, கிளாஸ்கோ விஞ்ஞானி ஹாமில்டன் ஸ்மித்திடம் சோதனைக்குக் கொடுத்தார்.

அந்தச் சோதனை முறை வியப்பானது. முடியை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்குவார்கள். அதிலுள்ள ஆர்சனிக் அணு ஒரு நியூட்ரானை விழுங்கிக் கதிரியக்கம் பெறும். அப்படிக் கதிரியக்கம் பெற்ற அணுக்கள், சுமார் 26 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையில் பாதியாகக் குறைந்தபடி, தமக்கே உரிய ஆற்றலுடன் காமா கதிரை வெளிவிடும். கருவி அந்தக் கதிர்களை எண்ணிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு பாஷாணமும் இதற்குத் தப்பாது.

1961-இல் விடை வந்தது: முடியில் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்குக்கும் மேல் ஆர்சனிக். இன்றைய மனிதரோடு ஒப்பிட்டால் மிக மிக அதிகம். உடனிருந்த கவுன்ட் மோந்தோலோன் மீது பழி விழுந்தது. உயிலில் அவருக்குப் பெருந்தொகை இருந்ததும் காரணமாகக் காட்டப்பட்டது.

விஷம் இருந்தது உண்மை. ஆனால் விஷம் இருப்பது வேறு, விஷம் வைப்பது வேறு. 1982-இல் பிரிட்டிஷ் வேதியியலர் டேவிட் ஜோன்ஸ் வேறொரு வழியைக் காட்டினார். நெப்போலியன் தங்கியிருந்த லாங்வுட் மாளிகையின் சுவர்த்தாள் துண்டு ஒன்றில் ஆர்சனிக் இருந்தது. அக்காலத்துப் பச்சைச் சாயம் செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தால் அதிலிருந்து ஆர்சனிக் ஆவியாகக் கிளம்பக்கூடும். ஆளைக் கொல்லும் அளவு இல்லாவிட்டாலும் உடலில் ஏற அது போதும்.

உண்மையான திருப்பம் 2008-இல் வந்தது. இத்தாலிய இயற்பியலர்கள் யாரும் கேட்காத எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்: எதோடு ஒப்பிட்டு அதிகம் என்கிறோம்? கார்சிகாவில் சிறுவனாக இருந்தபோது எடுத்த நெப்போலியனின் முடி, எல்பா தீவில் எடுத்தது, இறந்தபோது எடுத்தது, அவருடைய மகனின் முடி, மனைவி ஜோசஃபினின் முடி, இன்று வாழும் பத்துப் பேரின் முடி என எல்லாவற்றையும் பாவியா நகரின் அணு உலையில் சோதித்தார்கள். அக்கால முடிகளில் இன்றைய முடியைவிடச் சுமார் நூறு மடங்கு ஆர்சனிக் இருந்தது. சிறுவன் நெப்போலியனுக்கும் செத்துக் கிடந்த நெப்போலியனுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவர் வாழ்ந்த காலமே ஆர்சனிக்கில் தோய்ந்திருந்தது. குழந்தைப் பருவத்திலேயே மோந்தோலோன் வந்து விஷம் வைத்திருக்க முடியாது.

அப்படியானால் எதனால் இறந்தார்? மறுநாள் நடந்த பிரேதப் பரிசோதனையைப் பார்ப்போம். உடலை அறுத்தவர் நெப்போலியனின் மருத்துவர் அன்டோமார்க்கி. சுற்றி நின்றவர்கள் ஆங்கிலேய மருத்துவர்கள். நெப்போலியன் தரப்புக்குத் தீவின் தட்பவெப்பத்தைக் குற்றம் சொல்ல ஆசை. கல்லீரல் கெட்டிருந்தால் அது நிரூபணமாகும். ஆங்கிலேயருக்கோ அப்படி எதுவும் பதிவாகிவிடக் கூடாது. அதனால் கல்லீரலைப் பற்றிச் சச்சரவு மூண்டது. ஆனால் இரைப்பையைப் பற்றிச் சச்சரவே இல்லை. பெரிய புண்; நடுவே சுண்டுவிரல் நுழையும் ஓட்டை; அதைக் கல்லீரல் ஒட்டி அடைத்திருந்தது. அவருடைய தந்தையும் 1785-இல் இரைப்பைக் கட்டியால் இறந்தவர். அந்தப் பதிவுகளைப் பின்னாளில் மறுபடி ஆராய்ந்த நோயியல் வல்லுநர்கள் முற்றிய இரைப்பைப் புற்றுநோய் என்றே தீர்மானித்தார்கள்.

சதிக் கதை ஒன்று காதில் விழுந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சொன்னவர் பக்கத்தில் இருந்து பார்த்தவரா? அவர் சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? காட்டும் எண்ணை எதோடு ஒப்பிட்டார்? ஒருவருக்கு லாபம் இருந்தது என்பது சந்தேகத்துக்குக் காரணம் ஆகலாம், சாட்சி ஆகாது. எதிரெதிர்த் தரப்பினர் தம் லாபத்தை மறந்து ஒரே வாக்கியத்தை எழுதும் இடமே நம்பத்தக்க இடம். நெப்போலியன் விஷயத்தில் அந்த வாக்கியம் 1821 மே மாதத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.