லித்தியம் குளிசையும் வயல் வெயிலும்

சில நாட்கள் நித்திரையின்றியே உற்சாகம் பொங்கும். பிறகு பாயைவிட்டு எழும்ப மனமிராது. முன்னதைப் பேய் என்கிறோம், பின்னதைப் பஞ்சி என்கிறோம். இரண்டும் ஒரே வருத்தம்: இருதுருவ மனநோய்.

அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் 1949இல் இதற்கு உதவுமென அறிவித்த லித்தியம், இன்றும் பலரை வயலுக்குத் திரும்பவைக்கிறது. ஆனால் வியர்த்து உடல் வற்றினாலோ வயிற்றோட்டம் கண்டாலோ அது இரத்தத்தில் கூடி நஞ்சாகும். தண்ணீர்ப் போத்தல் வரம்பிலேயே இருக்கட்டும். உப்பைத் திடீரெனக் குறைக்கவேண்டாம். உளைவுக்குக் கடையில் புரூபன் வாங்கிப் போடுவதும் ஆபத்து. கைநடுக்கம் கூடி நடை தள்ளாடினால், அடுத்த குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சுகமென்று தாமாகவே மருந்தை நிறுத்தியவர்களுக்கு வருத்தம் திரும்புவதுண்டு. இடம்பெயரும்போது காணி உறுதியோடு கிளினிக் கொப்பியையும் கட்டிக்கொள்ளுங்கள்.