இஃது எந்தப் புழு?

புழு என்னும் சொல் தமிழில் மிகப் பரந்த பொருளுடையது. மழை பெய்தபின் முற்றத்தில் நெளிவதும் புழு. முருங்கை மரத்தில் மயிரடர்ந்து மொய்ப்பதும் புழு. கத்தரிக்காயை அரியும்பொழுது உள்ளிருந்து தலை நீட்டுவதும் புழு. தண்ணீர்த் தொட்டியில் துள்ளுவதும் புழு. உடல் நீண்டு, மென்மையாய், நெளிந்தோ ஊர்ந்தோ செல்வது எதுவாயினும் அதனைப் புழு என்றே வழங்குகின்றோம். பெயர் ஒன்றாயிருத்தலின் இயல்பும் ஒன்றே என எண்ணி, கண்டவுடன் நசுக்குவாரும் அஞ்சி விலகுவாரும் பலர். ஆயின், இவற்றுள் சில நமக்காக உழைப்பவை. சில நம் உணவைக் கெடுப்பவை. வேறு சில, சின்னாளில் சிறகு பெற்று வந்து நமக்கு நோயைத் தருபவை. எது எதுவென்று அறிந்த பின்னரே, செய்யத்தக்கது யாது எனத் துணிதல் கூடும்.

முதற்கண் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. பிறந்தது முதல் இறக்கும்வரை புழுவாகவே இருப்பவை ஓர் இனம். வேறொன்றன் குழவியாக இருந்து, பின்னர் உருமாறிச் செல்பவை மற்றோர் இனம். மண்புழு முன்னதற்குச் சான்று. பட்டாம்பூச்சியின் புழு பின்னதற்குச் சான்று. இவற்றைப் பிரித்தறியும் வழி எளிது. புழுவின் கால்களை எண்ணுக. நம் முன்னோர்க்கும் உயிர்களை உற்று நோக்கி வகுக்கும் வழக்கம் உண்டு. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அவற்றின் அறிவின் அளவு கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தார். நாம் இங்கே கால்களின் அளவு கொண்டு வகுப்போம்.

மண்புழுவிற்குக் காலே இல்லை, கண்ணும் இல்லை. உடல் முழுதும் வளையம் வளையமாக அமைந்திருக்கும். வளர்ந்த புழுவின் உடலில், தலைப்பக்கத்திற்கு அண்மையில், பட்டை கட்டியது போன்ற தடித்த பகுதி ஒன்று தோன்றும். வாலிலிருந்து தலைநோக்கி விரலால் மெல்ல வருடினால் சொரசொரப்பு உணரப்படும். மண்ணைப் பற்றி ஊர்வதற்குத் துணையாகும் நுண்ணிய முட்களே அவை. அது தோலினாலேயே மூச்சு விடுகின்றது. தோல் உலர்ந்தால் இறந்துபடும். ஆதலின் முற்றத்தில் வெயிலிற் கிடக்கும் மண்புழுவை ஈரமண்ணில் எடுத்துவிடுதல் நன்று. இதற்கு நாங்கூழ் என்பதும் பெயர். எறும்புகளிடையே அகப்பட்ட நாங்கூழை மாணிக்கவாசகர் திருவாசகத்தில் உவமையாக்கியுள்ளார்; அக்காட்சியை இன்றும் எந்தத் தோட்டத்திலும் காணலாம். சார்லசு தார்வின் என்னும் அறிஞர் பல்லாண்டு ஆராய்ந்து 1881ஆம் ஆண்டில் மண்புழுவைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இனி, தலைக்குப் பின்னே மூன்று இணைக் கணுக்கால்கள் உடைய புழுவைக் கண்டால், அது யாதோ ஒரு பூச்சியின் குழவி என்று துணியலாம். அம்மூன்று இணைக்கும் அப்பால், வயிற்றின் கீழ்ச் சதைப்பற்றுள்ள பொய்க்கால்கள் ஐந்து இணைவரை இருப்பின், அது பட்டாம்பூச்சியோ அந்துப்பூச்சியோ ஆகும். பொய்க்கால்கள் இரண்டு இணையே உள்ளவை, முதுகை வில்லென வளைத்து, சாண் அளப்பது போலச் செல்லும். மூன்று இணைக் கால்கள் மட்டும் இருந்து பொய்க்கால் இல்லையேல், பெரும்பாலும் வண்டினத்துக் குழவி எனலாம். காலே இல்லாமல், ஒருமுனை கூர்மையாய் மறுமுனை மழுங்கியிருப்பின் அது ஈயின் குழவி. உடல் நெடுகிலும் கால்கள் இருந்தால் அது புழுவன்று; ஒரு வளையத்திற்கு இரண்டு இணையாகக் கால்கள் நெருங்கியிருப்பது மரவட்டை, ஒரு வளையத்திற்கு ஓரிணை உடையது பூரான். மரவட்டை சுருண்டு கிடக்கும். பூரான் விரைந்தோடும், கடிக்கவும் செய்யும்.

இவ்வளவில் இலக்கணம் போதும். இனி, வீட்டிற்குள் செல்வோம்.

அரிசிப் பானையில் மணிகளை நூலாற் பிணைத்துக் கட்டிகட்டியாக்கி, அவற்றினிடையே வெளிறிய புழு நெளியுமாயின் அஃது அந்துப்பூச்சியின் குழவியாம். மூக்கு நீண்ட சிறு கூன்வண்டின் குழவியோ அரிசி மணிக்குள்ளேயே வாழ்வதாகலின் நம் கண்ணிற் படுவதில்லை. வண்டு வெளிப்பட்ட பின்னரே தெரியவரும். பயற்றின்மேல் வெண்புள்ளிகள் ஒட்டியிருப்பின் அவை பயற்றுவண்டின் முட்டைகள். சின்னாளில் ஒவ்வொரு பயற்றிலும் வட்டமான துளை தோன்றும். வெண்புள்ளி கண்ட அன்றே பயற்றைத் தனியே பிரித்து வெயிலில் உலர்த்தின், எஞ்சிய பயற்றைக் காத்தல் கூடும். துளை கண்டபின் உலர்த்துவார்க்குப் பதரே மிஞ்சும்.

கத்தரிக்காயினுள் இருக்கும் இளஞ்சிவப்புப் புழுவிற்குக் கால்கள் உண்டு, அஃது அந்துப்பூச்சியினது. கொய்யாக்கனியிலும் பாகற்காயிலும் காணும் வெண்புழுவிற்குக் கால்கள் இல்லை. அது பழ ஈயினது. அந்த ஈயின் புழு உடலை வளைத்துச் சட்டெனத் தாவும். இரண்டும் புழுதானே என்பார்க்கு நோய் ஒன்று, மருந்து வேறு ஆகிவிடும். கத்தரிப்புழு காயை அடையுமுன் இளந்தண்டைத் துளைத்து வாழ்வது. வாடித் தொங்கும் நுனிகளைக் கிள்ளி எடுத்து அழித்தால் அதன் பெருக்கம் குறையும். கொய்யாப்புழுவோ, உதிர்ந்த கனியிலிருந்து வெளியேறி மண்ணிற் புகுந்து கூட்டுப்புழுவாகும். ஆதலின் உதிர்ந்த கனிகளை மரத்தடியிலேயே விட்டுவைத்தல் கூடாது.

அழுகிய பொருளிலிருந்து புழு தானே தோன்றும் என்று நெடுங்காலம் பல நாட்டாரும் நம்பினர். இத்தாலி நாட்டு பிரான்செசுக்கோ ரெடி என்பார், சில கலங்களில் இறைச்சியை இட்டுத் திறந்துவைத்தார். வேறு சிலவற்றின் வாயை மெல்லிய துணியால் மூடினார். திறந்த கலங்களில் ஈ மொய்த்தது, புழு உண்டாயிற்று. மூடிய கலத்து இறைச்சி அழுகியது, ஆனால் அதிற் புழு இல்லை. ஈயின் முட்டையே புழுவிற்கு மூலம் என்பதை அவர் 1668ஆம் ஆண்டில் உலகிற்கு வெளியிட்டார்.

நம் நாட்டிலும் இதுபோன்ற நம்பிக்கை ஒன்று உண்டு. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பர். வேட்டுவாளி எனப்படும் குளவி, சுவர் மூலையிலும் கதவிடுக்கிலும் களிமண்ணாற் கூடு கட்டி, பச்சைப் புழுவைக் கவ்விவந்து உள்ளே வைத்து வாயை அடைக்கும். சில நாள் கழித்து அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவி ஒன்று வெளிவரும். உள்ளே வைத்தது புழு, வெளியே வந்தது குளவி. இதனைக் கண்டோர், தாயின் ரீங்காரத்தைக் கேட்டுக் கேட்டுப் புழுவே குளவியாயிற்று என்று முடிவு செய்ததில் வியப்பில்லை. குருவின் அருளால் சீடன் உயர்வதற்கு இஃது அழகிய உவமையாயிற்று. உவமை அழகியதே. ஆனால் நிகழ்வது வேறு. குளவி கொட்டுவது, புழுவைக் கொல்லாமல் அசைவற்றதாக்கும் பொருட்டு. அக்கூட்டினுள் அது தன் முட்டை ஒன்றையும் இட்டுச் செல்லும். முட்டையிலிருந்து வரும் காலற்ற வெண்குழவி, அழுகாமற் கிடக்கும் பச்சைப் புழுவை மெல்ல மெல்லத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பின் குளவியாக வெளிவரும். பழைய கூடு ஒன்றை உடைத்துப் பார்ப்பின், புழுவின் வெறுந்தோல் உள்ளே கிடத்தல் கூடும். புழுவிற்கு மாறாகச் சிலந்திகளைக் கொணரும் குளவிகளும் உள. அவற்றைக் கண்டிருப்பின், சிலந்தியும் குளவியாகும் என்று நம் முன்னோர் கூறியிருப்பர் போலும்!

சுவரில் வெள்ளரி விதை போன்ற தட்டையான சாம்பல் நிறக் கூடு ஒன்று தானே நகர்ந்து செல்வதைக் கண்டிருப்பீர்கள். அதன் இருமுனையும் திறந்திருக்கும். உள்ளிருக்கும் சிறு புழு, ஒருமுனையால் தலையையும் கால்களையும் நீட்டிக் கூட்டை இழுத்துச் செல்லும். அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் குழவியே. மணலும் தூசியும் நூலும் சேர்த்துத் தானே அக்கூட்டை நெய்துகொள்வது. சிலந்திவலைப் பழசும் உதிர்ந்த மயிரும் அதற்கு உணவு. அடிக்கடி ஒட்டடை அடிக்கும் வீட்டில் அதற்கு வேலையில்லை.

இவற்றினும் அஞ்சத்தக்கது தண்ணீரில் துள்ளும் புழு. கொசுப்புழுவிற்குக் கால் இல்லை. தலையும் மார்பும் பருத்து, வால் மெலிந்து, நெளிந்து நெளிந்து நீந்தும். மூச்சு விடுதற்கு அடிக்கடி நீரின் மேற்பரப்பிற்கு வரும். அவ்வாறு வருங்கால் அது நிற்கும் நிலையே அதன் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். நீர்ப்பரப்போடு இணையாகப் படுத்திருப்பது மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு. வாற்புறத்துக் குழலை மேலே வைத்துத் தலைகீழாய்ச் சாய்ந்து தொங்குவது ஏடிசு அல்லது கியூலெக்சு. சாக்கடை நீரில் தொங்குவது பெரும்பாலும் கியூலெக்சு. யானைக்கால் நோயைப் பரப்புவது அவ்வினத்தைச் சார்ந்தது. நாம் மூடாது வைத்த குடத்திலும், பூந்தொட்டியின் அடித்தட்டிலும், எறிந்த தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கிய தெளிநீரில் வளர்வது டெங்குக் காய்ச்சலைத் தரும் ஏடிசு. ரொனால்டு ராசு என்பார், 1897ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றிற் கண்டறிந்தார். அதன் பின்னரே இச்சிறு புழுவின் பெருந்தீமை உலகிற்குப் புலனாயிற்று.

முட்டை கொசுவாதற்கு வெப்ப நாட்டில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்கள்வரை ஆகும். எனவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிவிட்டால் புழு கொசுவாதற்கு இடமில்லை. நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும். ஏடிசின் முட்டை, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, பல மாதம் உலர்ந்திருந்தும் அழியாது. மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். தொட்டியின் அடிச்சேற்றிற் சிவந்த புழுக்களைக் கண்டு அஞ்சுவாரும் உளர். அவை கொசுவைப் போன்று தோன்றும், ஆயின் கடிக்காத, ஒரு சிறு பூச்சியின் குழவிகள். நம் குருதியைப் போலவே அவற்றின் உடலிலும் செந்நிறப் பொருள் இருத்தலால் சிவந்து தோன்றுகின்றன. தொட்டியைக் கழுவி நெடுநாள் ஆயிற்று என்பதையே அவை அறிவிக்கின்றன.

தோட்டத்தில் ஆராயாது கொல்லப்படுவன பல. எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளின் இலைமேல் பறவையின் எச்சம் போலக் கிடப்பது பட்டாம்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தபின் பசுமை நிறம் பெறும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவைபட்ட செந்நிறக் கொம்பை நீட்டி, நாற்றம் வீசும். நந்தியாவட்டையில் விரல் பருமனுள்ள பச்சைப் புழு ஒன்று, தலையருகே நீலக் கண் போன்ற இரு புள்ளிகளோடு பாம்புக்குட்டியென அச்சுறுத்தும். அவை கண்களல்ல, வாலில் உள்ள கொம்பும் கொட்டாது. முருங்கையில் திரளும் கம்பளிப்புழுவின் மயிர் மட்டும் உண்மையிலேயே அரிப்பைத் தரும். பட்ட இடத்தைத் தேய்த்தல் ஆகாது; மயிரை ஒட்டுத்தாளால் ஒற்றி எடுத்த பின்பு கழுவுதல் வேண்டும்.

அசுவினி மொய்த்த அவரைக் கொடியில், கறுத்த உடலும் செம்மஞ்சட் புள்ளிகளும் ஆறு கால்களும் உடைய, முதலையைச் சிறிதாக்கியது போன்ற புழு ஒன்று திரிவதுண்டு. அதன் தோற்றம் கொடிது. செயலோ நமக்கு உதவி. அது பொறிவண்டின் குழவி. அசுவினியையே தின்று வளர்வது. செடியைக் காக்க மருந்தடிப்பார் முதலிற் கொல்வது இக்காவலனைத்தான். சுவரோரத்துப் புழுதியில் புனல்போற் குழி பறித்து, அடியில் ஒளிந்து எறும்பைப் பிடிக்கும் குழியானையும் இத்தகைய குழவியே. பின்னோக்கி நடக்கும் அவ்வுயிர், தட்டானை ஒத்த மெல்லிய சிறகுடைய பூச்சியாக மாறும்.

எருக்குழியைக் கிளறும்பொழுது வளைந்து கிடக்கும் பருத்த வெண்புழு, காண்டாமிருக வண்டின் குழவி. அஃது எருவைத் தின்னுமேயன்றித் தென்னையைத் தீண்டாது. அதன் தாய்தந்தையரே தென்னங்குருத்தைத் துளைப்பர். சிவப்புக் கூன்வண்டிலோ கேடு செய்வது குழவி. காலற்ற அப்புழு மரத்தினுள்ளிருந்து தண்டைக் குடையும். முன்னதை எருக்குழியிலேயே பொறுக்கி அழித்தல் எளிது. பின்னது வெளித்தெரியும்பொழுது மரம் பெரும்பாலும் கைவிட்டுப்போயிருக்கும்.

பெயர் அறியாத இலைப்புழு ஒன்று கிடைத்தால், அதனை வளர்த்துப் பார்த்தலே நல்ல வழி. வாயகன்ற கண்ணாடிப் புட்டியின் அடியில் இரண்டு விரற்கிடை மண் இடுக. சில புழுக்கள் மண்ணிற் புகுந்தே உறங்கும். எச்செடியிற் கண்டீர்களோ அதன் இலையையே நாள்தோறும் புதிதாக இடுக. பிற இலையைப் பல புழுக்கள் பட்டினி கிடந்தாலும் தின்னா. வாயை மெல்லிய துணியாற் கட்டி, வெயில் படாத இடத்தில் வைத்து, புழு உண்ணாதொழிந்த நாளையும் கூடு கட்டிய நாளையும் குறித்துக்கொள்க. வெளிவரும் பூச்சி தன் பெயரைத் தானே கூறும். எனினும் பட்டாம்பூச்சியை எதிர்பார்த்திருப்பார்க்குச் சிலவேளை, புழுவின் உடலைத் துளைத்து அரிசி போன்ற வெண்கூடுகள் பல தோன்றி, அவற்றிலிருந்து சிறு குளவிகள் பறந்து வருதலும் உண்டு.