ஆரணிப் பக்கத்துத் துச்சாதனன்

ஆரணி என்றால் பட்டுச் சேலை. அந்த வட்டாரத்தில் சேலையை உருவும் துச்சாதனனும் பிரசித்தம்!

திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கதை யாருக்குத்தான் தெரியாது? ஆயினும் கட்டியக்காரன் வாய் திறந்தால் போதும், அஸ்தினாபுரத்து மன்னர்கள் நம் ஊர்க்காரர்களாகி விடுகிறார்கள். செய்யாறு பக்கம் புரிசையைச் சேர்ந்த கண்ணப்பத் தம்பிரான் இதில் பெரிய வாத்தியார். 1977இல் சென்னையில் தோன்றிய கூத்துப்பட்டறை நடிகர்களுக்கும் அடவு கற்பித்தவர்.

துகிலுரிதல் இரவில் மட்டும் சிரிப்பு அடங்கிவிடும். துச்சாதன வேடக்காரர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். இத்தனைக்கும் எதிரே திரௌபதியாக நிற்பவர் ஓர் ஆண்! இழுத்து இழுத்துத் துச்சாதனன் மயங்கி விழுவதும் உண்டு. நடிப்பா, நிஜமா? சொல்வது கடினம்.

அன்று அவிழ்ந்த கூந்தலை, மண்ணால் செய்த துரியோதனனின் தொடை பிளக்கும் படுகளத்தன்றுதான் பாஞ்சாலி முடிகிறாள்.