முன்பணமும் வழக்குரைஞரும்

கல்வராயன் மலையின் அண்மை வரலாற்றில் 1976-ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலைக் கிராமங்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது அந்த ஆண்டில்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! அதுவரை ஜாகிர்தாருக்குக் கூலியின்றி உழைத்துக் கொடுப்பது மலைவாழ் மக்களின் கடமையாகவே கருதப்பட்டு வந்தது. அதே 1976-இல்தான் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லி, மலையில் கொத்தடிமை முறை முடிவுக்கு வந்த ஆண்டு அது என்று பல ஆண்டுகள் வகுப்பறையில் பாடம் நடத்தியிருக்கிறேன். நான் சொன்னது தவறு என்பதை ஓய்வு பெற்ற பிறகு, மலையடிவாரக் கச்சிராயப்பாளையத்தில் பார்த்த ஒரு நாற்பது பக்க நோட்டுதான் எனக்கு உணர்த்தியது.

அதை வைத்திருந்தவர் நடுத்தர வயதுக்காரர். என் முன்னாள் மாணவர் ஒருவர் அவரை அழைத்து வந்திருந்தார். கணவனும் மனைவியுமாகக் கர்நாடகத்தில் ஒரு காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய், ஐந்து மாதம் கழித்துத் திரும்பியிருந்தனர். நோட்டின் முதல் வரியில் மேஸ்திரி தந்த முன்பணம் 40,000 ரூபாய். அதன் கீழே வாரந்தோறும் செலவுக்குத் தந்த சிறு தொகைகள். கடைசிப் பக்கத்தில் 'பாக்கி 31,000'. ஒரு நாள் கூலி எவ்வளவு, எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. இருவரின் ஐந்து மாத உழைப்புக்கு, வாரச் செலவு போகக் கடனில் கழிந்தது 9,000 ரூபாய்!

"ஒரு வழக்குரைஞரைப் பார்க்கலாமே" என்றேன்.

"வக்கீலு வச்சா அட்வான்ஸ மொத்தமா எடுத்து வைன்னு சொல்லுவாங்க சார். அதுக்கு எங்க போறது?" என்றார் அவர்.

தொழிலாளர் உரிமை பற்றிய நம் விழிப்புணர்வுக் கூட்டங்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை. எட்டு மணி நேர வேலை, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை என்று பட்டியல் வாசிக்கிறோம். எதிரே அமர்ந்திருப்பவரோ தன்னைக் கடன்காரராகக் கருதிக் கொண்டிருக்கிறார். கடன்காரர் எப்படி உரிமை கேட்பார்?

முன்பணம் ஏன் வாங்குகிறார்கள்? மலையில் மரவள்ளிக்கிழங்கு, சாமை போன்றவற்றின் வருமானம் ஆண்டுக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். பள்ளி திறப்பும் பிரசவமும் காய்ச்சலும் அறுவடை வரை காத்திருப்பதில்லை. கையில் காசில்லாத மாதத்தில் மேஸ்திரி வருகிறார். அடுத்த பருவத்தின் கூலி அன்றைய தேவையின் நெருக்கடியில் தீர்மானமாகிறது. கடன் சந்தையும் உழைப்புச் சந்தையும் இப்படிப் பின்னிக் கிடப்பதைப் பொருளியலாளர் அமித் பாதுரி 1973-இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். மேற்கு வங்கத்து உழவர்களைப் பற்றிய அந்தக் கட்டுரையை ஆண்டுதோறும் கற்பித்த நான், எங்கள் மாவட்டத்து மலையில் அதைத் தேடிப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

இனி, சட்டம் என்ன சொல்கிறது? முன்பணம் எல்லாமே குற்றமல்ல. ஆனால், வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு இடத்தில் வேலை தேடும் உரிமையையோ, விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையையோ, தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழந்தால், அது கொத்தடிமைக் கடன். அத்தகைய கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பே அற்றுப் போகிறது என்கிறது 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமையும் கடன் கொடுத்தவருடையதே. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆவது கூறு தடை செய்யும் கட்டாய உழைப்பாகும் என்று, தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. கச்சிராயப்பாளையத்து நண்பரின் அச்சத்துக்கான விடை இவற்றில் இருக்கிறது. 'பாக்கி 31,000' என்பது வசூலிக்கத்தக்க கடன்தானா என்பதே முதல் கேள்வி.

கூலி வழக்கிலும் நிலைமை மாறியிருக்கிறது. கடந்த 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் பலவற்றைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு. எனினும், ஊதியத் தொகுப்பில் தொழிலாளிக்குப் பயன்படும் சில பிரிவுகள் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதமாக இருந்த மனுச் செய்யும் காலக்கெடு இப்போது மூன்று ஆண்டுகள். கூலி கொடுத்தாயிற்று என்று மெய்ப்பிக்க வேண்டியவர் முதலாளி. எனவே, கூலியே எழுதப்படாத அந்த நோட்டு தொழிலாளிக்கு எதிரான சான்றன்று. அவருக்கு ஆதரவான சான்று. தயவுசெய்து யாரும் அத்தகைய நோட்டுகளைக் கிழித்துப் போட வேண்டாம்.

வழக்குரைஞருக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவை நம்மில் பலர் படித்ததில்லை. ஏழைகளுக்கு மட்டுமே இலவச சட்ட உதவி என்று நினைக்கிறோம். பழங்குடியினர் என்றால் வருமான வரம்பே கிடையாது. தொழில்துறைத் தொழிலாளிக்கும் கட்டாய உழைப்புக்கு ஆளானவருக்கும் வருமான வரம்பு இல்லை. மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த அந்த நண்பருக்கு ஒன்றுக்கு மூன்று தகுதிகள். மனைவி மனுப் போட்டால், பெண் என்பதால் இன்னொன்றும் சேரும். கோவையின் ஆலை அதிபருக்குக்கூட இத்தனை வாசல்கள் திறந்திருக்கவில்லை!

ஆனால், அந்த வாசலுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதில்தான் சிக்கல். வட்ட அளவிலான சட்டப் பணிகள் குழுவின் பட்டியலில் உள்ள வழக்குரைஞர்கள் பெரும்பாலும் நில வழக்கும் குடும்ப வழக்கும் குற்ற வழக்கும் நடத்துபவர்கள். தொழிலாளர் சட்டத்தில் தேர்ந்தவர்கள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். வெள்ளிமலையிலிருந்து ஒருவர் பேருந்தில் கள்ளக்குறிச்சிக்கு வந்து போவதற்கே ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே மனுச் செய்யும்போதே, 'தொழிலாளர் வழக்கு நடத்திய அனுபவம் உள்ளவர் வேண்டும்' என்று எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டதும் கிடைத்துவிடாது. எழுத்தில் கேட்டால் மறுப்பவர்களும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

கட்டணம் கொடுத்து வழக்குரைஞரை அமர்த்துவோரும் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. 'வர்ற தொகையில பாதி எனக்கு' என்று பேசிக்கொள்வதை இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. வேலைநீக்கம் போன்ற தொழில் தகராறுகளில் சமரசப் பேச்சுக் கட்டத்தில் வழக்குரைஞருக்கு இடமே இல்லை. தொழிற்சங்கப் பிரதிநிதிதான் அமர முடியும். நல்ல வழக்குரைஞர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். 'எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பவரிடம் சற்று எச்சரிக்கை தேவை.

முன்பணத்தின் கொடிய முகம் செம்மர வெட்டு. மேஸ்திரி வந்து, தொகையைக் கையில் வைத்து, வேலைக்கு அழைக்கும் முறை காபித் தோட்டத்துக்கும் சேஷாசலம் காட்டுக்கும் ஒன்றுதான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரக் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் மிகப் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் கூலித் தொழிலாளர்கள். கல்வராயன் மலையிலிருந்தும் பலர் ஆந்திரச் சிறைகளுக்குப் போயிருக்கிறார்கள். காவலில் உள்ள எவருக்கும் இலவச வழக்குரைஞர் உண்டு என்பதும் அதே 12-ஆவது பிரிவில் இருக்கிறது. தெலுங்கு தெரியாத ஒருவர் அங்கே யாரிடம் அதைக் கேட்பார்? இங்குள்ள குடும்பம் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அந்த எண் நாடு முழுமைக்கும் பொதுவானது. மலையின் பேருந்து நிறுத்தங்களில் எழுதி வைக்க வேண்டிய எண் அது.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் கள்ளச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானதை அடுத்து, கல்வராயன் மலை மக்களின் சமூக, பொருளாதார நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரித்தது. சாலை, மருத்துவம், குடும்ப அட்டை எனப் பல குறைகள் பேசப்பட்டன. அவற்றுடன், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கோரும் கண்காணிப்புக் குழுக்கள் மாவட்டத்திலும் கோட்டத்திலும் எத்தனை முறை கூடின, எத்தனை பேருக்கு விடுவிப்புச் சான்றிதழ் வழங்கின என்பதையும் மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிட்டால் என்ன? பருவம் தொடங்கும் முன், முன்பணம் கைமாறும் மாதத்திலேயே, சட்டப் பணிகள் முகாம் வெள்ளிமலையில் நடந்தால் என்ன? பருவம் முடிந்து கடனுடன் திரும்பியவரிடம் துண்டறிக்கை கொடுப்பதில் பயன் குறைவு.

அந்த நோட்டுக்காரரின் மனைவி பெயரில் மனு எழுதிக் கொடுத்தோம். வழக்குரைஞர் ஒருவர் நியமிக்கப்பட்டார்; இளைஞர், தொழிலாளர் வழக்கு அவருக்கு இதுவே முதல் முறையாம். தோட்டத்து நிர்வாகத்துக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறார். கூலி இன்னும் வரவில்லை. பாக்கி கேட்டு மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த மேஸ்திரி, அதன் பிறகு வரவில்லை என்று என் மாணவர் சொன்னார்.